கங்காணி

'கண்காணி' என்பதே பேச்சில் 'கங்காணி' ஆயிற்று. கண் வைத்து மேற்பார்ப்பவர் என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்த அதிகாரிக்குக் 'கண்காணி நாயகம்' என்று பெயர், மதிப்பான சொல்.

இலங்கைத் தோட்டங்கள் அதற்கு வேறு முகம் கொடுத்தன. ஆள் போதாதபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்பணம் தந்து கங்காணியைத் தமிழ்நாட்டிலிருந்த அவர் சொந்த ஊருக்கு அனுப்புவார். வானம் பார்த்த கரிசலில் மழை பொய்த்து, பருத்தியும் கம்பும் கருகிய வருஷங்களில் கங்காணியின் பேச்சு எடுபட்டது. எப்போதும்வென்றான் ஊருக்குத் தெற்கே தட்டப்பாறையில், இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைக்க முகாமே இருந்தது. அங்கிருந்து தூத்துக்குடி, பிறகு கொழும்புக் கப்பல்.

வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் கங்காணி கணக்கில் கடனாக ஏறும். வேறு தோட்டம் போக நினைத்தால், இன்ன தொகையைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் ஆளோடு கூடவே போகும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று நம்பிப் போனவர்களை அந்த உறவை வைத்தே கட்டிப்போட்டார்கள். என்னால் ஆறவே முடியாத கொடுமை இது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

மலாயாவுக்கும் கங்காணிகள் ஆள் கூட்டினார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்தது. சொல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. இலங்கை மலையகத் தோட்டங்களில் கங்காணி இன்றும் வேலையை மேற்பார்ப்பவர்தான். இங்கே தமிழ்நாட்டிலோ, வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவரை 'ஏஜென்ட்' என்கிறோம்.