ஓநாய்ப் பையனின் ஊர்

பேத்தி விட்டுப்போன 'டுவைலைட்' நாவலை மறுபடியும் படித்தேன் நண்பர்களே. ஸ்டெபனி மேயர் எழுதி 2005-இல் வந்தது. ஒரு பெண்ணுக்கும் ரத்தக்காட்டேரிப் பையனுக்கும் காதல். அவன் அழகைப் பக்கத்துக்குப் பக்கம் வர்ணிக்கிறார். என் சிவப்பு மை போதாது! ஆனாலும் நள்ளிரவு வரை கீழே வைக்கவில்லை.

இந்த முறை மனம் நின்றது ஜேக்கப்பிடம். அவனுடைய குவிலியூட் இனம் கற்பனை என்றே நினைத்திருந்தேன். இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், லா புஷ் என்ற கடலோர ஊரில் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். தங்கள் முன்னோர் ஓநாயிலிருந்து மனிதரானவர்கள் என்பது அவர்களின் தொல்கதை. ரத்தக்காட்டேரிப் பகையை மேயர் தாமாகச் சேர்த்தார்.

1889-இல் அரசு அவர்களுக்கு ஒதுக்கியது சுமார் ஒரு சதுர மைல். அதே ஆண்டு, ஊரார் ஹாப்ஸ் காய் பறிக்கும் கூலிவேலைக்குப் போயிருந்தபோது, அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்த வெள்ளைக் குடியேறி ஒருவர் 26 வீடுகளைக் கொளுத்திவிட்டார். பழைய முகமூடிகள், கூடைகள், வேட்டைக் கருவிகள் எல்லாம் சாம்பல். நாவலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

2012-இல்தான், சுனாமிக்குத் தப்பி மேட்டில் குடியேற, பக்கத்துத் தேசியப் பூங்காவிலிருந்து சுமார் 785 ஏக்கர் கிடைத்தது. அவர்கள் பள்ளிக்கூடம் இப்போது மேட்டில் இருக்கிறது.