இரவில் வந்த மீன்

அம்பத்தூரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கடல் இருக்கும் ஊரில் வாழ்கிறோம் என்பது ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போதுதான் ஞாபகம் வரும். நான் வழக்கமாக வாங்கும் அக்கா, விடியுமுன் காசிமேடு போய்க் கூடையோடு திரும்புபவர். விலை சொல்வதற்கு முன் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்: "கடல்ல மீனே இல்ல தம்பி." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

ஒருநாள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எண்களைப் பார்த்தேன. இந்தியக் கரைகளில் இறங்கிய கடல் மீன் 2012இல் 39.4 லட்சம் டன், 2023இல் 35.3 லட்சம் டன். குறைந்திருக்கிறதுதான். ஆனால் "மீனே இல்ல" என்று சொல்லுமளவுக்கு இல்லை. அப்படியானால் தப்பு அக்கா மீதா, எண் மீதா? தரவைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. அதனால் கேள்வி வேறு இடத்துக்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத மீனை யார், எப்படி எண்ணினார்கள்?

கதை சென்னையில்தான் தொடங்குகிறது. 1905இல் மெட்ராஸ் அரசாங்கம், ஓய்வுபெற்ற ஐசிஎஸ் அதிகாரி ஃப்ரெடெரிக் நிக்கல்சனை மீன்பிடித் தொழிலை ஆராயச் சொன்னது. கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய அறிக்கைக்காக நாம் அறிந்த அதே நிக்கல்சன். கட்டுமரத்திலிருந்து நீராவிக் கப்பலுக்கு ஒரே தாவாகத் தாவக்கூடாது, இருக்கும் மீனவரையும் அவர் கருவியையும் படிப்படியாக மேம்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனால் கப்பல் வந்தது. 1927-28இல் 'லேடி கோஷன்' என்ற நீராவி இழுவைக் கப்பலை மெட்ராஸ் மீன்வளத் துறை கடலுக்கு அனுப்பியது. பெயர் அப்போதைய கவர்னரின் மனைவியுடையது. ஆய்வின் முடிவுகளை எழுதியவர் துறையின் இயக்குநர் பி. சுந்தர ராஜ். இத்தகைய ஆய்வின் தர்க்கம் எளிது. ஒரே வலையை ஓர் இடத்தில் இத்தனை மணி நேரம் இழு, விழுந்ததை எடை போடு, அடுத்த இடத்துக்குப் போ. மணிக்கு எத்தனை கிலோ என்பதுதான் அளவு. அப்படிப் பார்த்ததில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டு வளமான இடமென்று தெரிந்தது. இலங்கைக் கப்பல்களும் அங்கே மீன் பிடித்துவந்தன. 1976 ஒப்பந்தத்தில் அந்தத் திட்டு இந்தியாவுக்கு என்று முடிவானபோது, 6 இலங்கைக் கப்பல்கள் 3 ஆண்டுகளுக்கு மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். கச்சத்தீவைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.

இன்னும் எங்கே மீன் இருக்கிறது என்பதே அந்தக் கப்பல்களின் கேள்வி. தீர்ந்துவிடுமா என்ற கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மலபார் அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கே மத்தி சில வருடம் கொட்டும், சில வருடம் காணாமல் போகும். ஜேம்ஸ் ஹார்னெல்லும் எம். ராமசாமி நாயுடுவும் 1920களில் மத்தியின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார்கள். 1943இல் மெட்ராஸ் அரசு, சினை மத்தியையும் குஞ்சு மத்தியையும் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதில் மாட்டிய வலை ஒன்றின் பெயரே 'மத்திக்கொல்லி வலை'. கட்டுப்பாடு சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. மத்தியின் விளையாட்டு இன்றும் தொடர்கிறது. 2012இல் கேரளத்தில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021இல் 3,297 டன்.

பிப்ரவரி 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறகு மண்டபம் போய், 1971இல் கொச்சிக்கு மாறியது. கடலைக் கப்பல் எண்ணட்டும், கரையை நாம் எண்ணுவோம் என்று அவர்கள் உருவாக்கிய மாதிரிக் கணக்கெடுப்பு முறையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்கள். எல்லாவற்றிலும் தினமும் ஆள் நிற்க முடியாது. எனவே தளத்தையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை. பதினைந்து படகுவரை வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார், கூடினால் சிலவற்றை மட்டும். சரி, நடுவில் உள்ள இரவு? மறுநாள் காலை கரையில் இருப்பவர்களிடம் விசாரித்து எழுதுவார். அவ்வளவுதான். தேசத்தின் கடல் கணக்கில் அந்த இரவுகள் வாய்மொழியாக வந்தவை.

சிலிர்த்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. சில வருடம் முன்பு ஒரு கிடங்கின் சரக்கு நடமாட்டத்துக்கு டாஷ்போர்டு செய்தேன். இரவு நேர லாக் பாதி வரவில்லை. யாரையும் கேட்கவில்லை. வந்த பாதியின் சராசரியைப் போட்டு நிரப்பினேன். வராத பாதிதான் வேலை அதிகமான இரவுகள், சர்வர் திணறியதே அதனால்தான் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் அந்தக் கோட்டைப் பார்த்து இரவு ஷிப்டில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எண்ணுக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரின் வேலை நிற்கிறது. 1991இல் நம் கடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 39 லட்சம் டன் எடுக்க முடியும் என்று மதிப்பிட்டார்கள். பிடிபட்டதோ அதைவிட வெகு குறைவு. அதே ஆண்டு ஆழ்கடல் கொள்கை வந்தது. மிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கதவு திறந்தது. மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1996இல் முராரி குழு அந்த உரிமங்களை ரத்து செய்யப் பரிந்துரைத்தது. 2018 மதிப்பீட்டில் எடுக்கக்கூடிய அளவு 53.1 லட்சம் டன். அது வாக்குறுதியல்ல, மதிப்பீடு. தாளில் 'மிச்சம்' என்று எழுதியிருப்பது கரைக்கு அருகே வலை போடுகிறவர் கைக்கு எட்டும் மீன் என்று அர்த்தமில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் கேட்டேன். "மீனே இல்லன்றீங்களே, அப்போ கூடையில இருக்கறது என்ன?"

சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் காலைல போற போட்டு சாயங்காலம் வந்துடும் தம்பி. இப்போ பத்து நாள் ஆவுது. டீசலு, ஐசு, ஆளு கூலி... அதே கூடைதான். ஆனா அதுக்குப் பத்து நாள்."

லேடி கோஷனின் அளவுகோல் அதேதான். எத்தனை கிலோ என்பதல்ல, மணிக்கு எத்தனை கிலோ. வரைபடத்தில் நான் பார்த்தது மேலே இருந்த எண்ணை மட்டும். அக்கா இத்தனை வருடமாகக் கீழே வகுக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரம் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.