நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்தின் 1977–78 பருவம்

1977–78 பருவம் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் காற்பந்துக் கழகம் அந்நாட்டின் முதற்பிரிவு லீக் பட்டத்தை வென்ற பருவமாகும். 1865 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கழகத்தின் வரலாற்றில் இதுவே ஒரே லீக் பட்டம். அதற்கு முந்தைய பருவத்தில் இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று, மயிரிழையில் தரவுயர்வு பெற்றிருந்த அணி இது. பிரையன் கிளஃப் மேலாளராகவும் பீட்டர் டெய்லர் துணை மேலாளராகவும் இருந்தனர். இதே பருவத்தில் லீக் கோப்பையையும் இவ்வணி வென்றது. தரவுயர்வு பெற்ற அடுத்த பருவத்திலேயே இங்கிலாந்தின் பட்டத்தை வேறெந்த அணியும் அதன்பின் வென்றதில்லை.

பின்னணி

ஃபாரஸ்ட் பெரிய கழகமாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. 1898, 1959 ஆகிய ஆண்டுகளில் எஃப். ஏ. கோப்பையை வென்றிருந்தது. 1966–67 பருவத்தில் லீக்கில் இரண்டாம் இடம் பெற்றதே அதன் உச்ச நிலை. 1972 இல் இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டது. 1975 சனவரியில் பிரையன் கிளஃப் மேலாளராகப் பொறுப்பேற்றபோது அணி இரண்டாம் பிரிவின் நடுப்பகுதியில் தடுமாறிக் கொண்டிருந்தது.

கிளஃபின் நிலையும் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. மிடில்சுபரோ, சண்டர்லாந்து அணிகளுக்காக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்த அவருடைய ஆட்ட வாழ்வை 1962 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட முழங்கால் காயம் முடித்து வைத்தது. பின்னர் மேலாளராகி, இரண்டாம் பிரிவில் கிடந்த டார்பி கவுன்ட்டி அணியை 1972 இல் லீக் பட்டம் வரை கொண்டு சென்றார். கழக இயக்குநர்களுடன் ஏற்பட்ட மோதலால் 1973 அக்டோபரில் பதவி விலகினார். 1974 இல் லீட்ஸ் யுனைட்டெட் அணியின் பொறுப்பேற்று 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். எனவே நாட்டிங்காமுக்கு அவர் வந்தபோது, அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று எண்ணியவர்கள் பலர்.

1976 இல் பீட்டர் டெய்லர் அவருடன் மீண்டும் இணைந்தார். இருவரும் மிடில்சுபரோவில் ஒன்றாக ஆடியவர்கள். டெய்லர் கோல் காப்பாளர். ஆர்டில்பூல், டார்பி ஆகிய இடங்களிலும் சேர்ந்து பணியாற்றியவர்கள். எந்த வீரர் தேவை, அவர் எங்கே கிடைப்பார் என்பதைக் கண்டறிவதில் டெய்லர் வல்லவர். கிடைத்த வீரரை ஆட வைப்பது கிளஃபின் திறமை. டெய்லர் இல்லாமல் கிளஃப் நாட்டிங்காமில் செலவிட்ட முதல் ஒன்றரை ஆண்டையும் அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டால், இந்த வெற்றியைக் கிளஃப் ஒருவருடையதாக மட்டும் எழுதுவது சரியன்று.

1976–77 பருவத்தில் ஃபாரஸ்ட் 52 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றது. அடுத்து வந்த போல்ட்டன், பிளாக்பூல் அணிகள் தலா 51 புள்ளிகள் பெற்றிருந்தன. இரண்டு புள்ளிகள் குறைந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது எனலாம்.

அணியின் உருவாக்கம்

பட்டம் வென்ற அணியில் மார்ட்டின் ஓ'நீல், ஜான் ராபர்ட்சன், இயன் போயர், டோனி உட்காக், விவ் ஆன்டர்சன் ஆகியோர் கிளஃப் வருவதற்கு முன்பே கழகத்தில் இருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்போது பெயர் பெறாதவர்கள். இடது விளிம்பில் ஆடிய ராபர்ட்சன் வேகமானவர் அல்லர், பார்ப்பதற்கு விளையாட்டு வீரரைப் போலவும் இரார். ஆனால் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எதிரணிப் பின்கள வீரரை ஏமாற்றி, துல்லியமாகக் கோல் முன்னால் செலுத்துவதில் அவருக்கு இணையாக அக்காலத்தில் மிகச் சிலரே இருந்தனர். அணியின் தாக்குதலில் பெரும்பகுதி அவர் வழியாகவே நடந்தது.

அணித்தலைவர் ஜான் மெக்கவர்ன், டார்பியிலும் லீட்சிலும் கிளஃபுடன் இருந்தவர். இடப்பக்கப் பின்கள வீரர் ஃபிராங்க் கிளார்க் 1975 இல் நியூகாசிலிலிருந்து கட்டணம் ஏதுமின்றி வந்தவர். முன்கள வீரர் பீட்டர் வித், பின்கள வீரர் லாரி லாய்டு ஆகியோரும் சிறு தொகைகளுக்கே வாங்கப்பட்டனர்.

1977 கோடையிலும் அதனையடுத்தும் மூன்று முக்கிய வீரர்கள் சேர்க்கப்பட்டனர். முதலாமவர் கென்னி பர்ன்சு. பர்மிங்காம் சிட்டி அணியில் முன்கள வீரராக முந்தைய பருவத்தில் 19 லீக் கோல்கள் அடித்தவர். களத்திலும் வெளியிலும் கட்டுக்கடங்காதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அவர் நாய்ப் பந்தயத்தில் எவ்வளவு பணம் இழக்கிறார் என்பதை அறிய டெய்லர் மாறுவேடத்தில் பின்தொடர்ந்தார் என்று கூறப்படுவதுண்டு. கோல் அடிக்கும் வீரரை வாங்கி வந்து நடுப் பின்களத்தில் நிறுத்தியது அன்று பலருக்கும் விளங்காத முடிவாக இருந்தது. அப்பருவத்தின் இறுதியில் காற்பந்து எழுத்தாளர் சங்கத்தின் சிறந்த வீரர் விருதைப் பர்ன்சே பெற்றார்.

இரண்டாமவர் கோல் காப்பாளர் பீட்டர் சில்டன். தரமிறக்கப்பட்ட சுடோக் சிட்டி அணியிலிருந்து 1977 செப்டம்பரில் சுமார் 2,70,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டார். ஒரு கோல் காப்பாளருக்கு இவ்வளவு தொகையா என்ற கேள்வி எழுந்தது. விடை எண்களில் உள்ளது: அவர் வருவதற்கு முன் நடந்த 5 ஆட்டங்களில் அணி விட்டுக்கொடுத்தவை 6 கோல்கள், அவர் ஆடிய 37 லீக் ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தவை 18 மட்டுமே. மூன்றாமவர் நடுக்கள வீரர் ஆர்ச்சி கெம்மில். டார்பியிடமிருந்து இவரைப் பெறுவதற்கு ஒரு சிறு தொகையுடன், சில்டனின் வருகையால் இடமிழந்த கோல் காப்பாளர் ஜான் மிடில்டனைக் கொடுத்தார்கள்.

வலப்பக்கப் பின்கள வீரரான விவ் ஆன்டர்சன் 1978 நவம்பரில் செக்கோசுலோவாக்கியாவுக்கு எதிராகக் களமிறங்கி, இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு முழுநிலை ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என அறியப்படுகிறார். அக்காலத்தில் இங்கிலாந்தின் பல அரங்குகளில் அவர் மீது பார்வையாளர்கள் வாழைப்பழங்களை வீசி இழிவுபடுத்தியதும் பதிவாகியுள்ளது.

லீக் ஆட்டங்கள்

1977 ஆகஸ்டு 20 அன்று எவர்ட்டன் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3–1 என வென்று ஃபாரஸ்ட் பருவத்தைத் தொடங்கியது. அடுத்து பிரிஸ்டல் சிட்டியையும், கிளஃபின் பழைய அணியான டார்பியையும் வென்றது. புதிதாக வந்த அணிகளுக்குத் தொடக்கத்தில் இத்தகைய உற்சாகம் இருப்பது இயல்பு என்பதால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று ஆர்சனலிடம் 0–3 எனத் தோற்றபோது, எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்றே கருதப்பட்டது.

ஆனால் சரிவு வரவில்லை. அக்டோபர் 4 அன்று இப்சுவிச் டவுன் அணியை 4–0 என வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்களையும் பீட்டர் வித் அடித்தார். அம்மாதத்தில் முதலிடத்தைப் பிடித்த அணி அதைப் பின்னர் இழக்கவில்லை. நவம்பரில் செல்சியிடமும் (0–1), நவம்பர் 19 அன்று லீட்சிடமும் (0–1) தோற்றது. அப்பருவத்தில் ஃபாரஸ்ட் தோற்ற லீக் ஆட்டங்கள் இந்த மூன்று மட்டுமே. மூன்றிலும் அணி ஒரு கோல் கூட அடிக்கவில்லை.

ஐயம் கொண்டிருந்தவர்களையும் நம்ப வைத்த ஆட்டம் திசம்பர் 17 அன்று மான்செசுட்டர் யுனைட்டெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கில் நடந்தது. லாய்டு காயமுற்றிருந்ததால் குயின்சு பார்க் ரேஞ்சர்சு அணியிலிருந்து அப்போதுதான் வாங்கப்பட்ட டேவிட் நீதம் முதன்முறையாகக் களமிறங்கினார். ஃபாரஸ்ட் 4–0 என வென்றது. உட்காக் இரண்டு, ராபர்ட்சன் ஒன்று. மற்றொன்று எதிரணி வீரர் தம் வலைக்குள்ளேயே செலுத்தியது. இப்பெரிய அரங்கில் வெளியூர் அணி ஒன்று இவ்வளவு எளிதாக வென்றது நாடெங்கும் பேசப்பட்டது.

இதே காலத்தில் கிளஃபை நாட்டிங்காம் இழக்கக்கூடும் என்ற நிலையும் ஏற்பட்டது. 1977 சூலையில் டான் ரெவி இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர் பதவியைத் திடீரென உதறிவிட்டு ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சென்றிருந்தார். திசம்பரில் நடந்த நேர்காணலில் கிளஃபும் கலந்துகொண்டார். பொதுமக்களின் விருப்பம் அவர் பக்கம் இருந்தபோதிலும், அதுவரை இடைக்காலப் பொறுப்பில் இருந்த ரான் கிரீன்வுட்டையே காற்பந்துச் சங்கம் தெரிவு செய்தது. இயக்குநர்களையும் நிர்வாகிகளையும் வெளிப்படையாகச் சாடிவந்த ஒருவரை அவர்கள் விரும்பாததில் வியப்பில்லை. கிளஃபுக்கு அது வாழ்நாள் ஏமாற்றம். ஃபாரஸ்ட்டுக்கோ அதுவே பெரும் பேறாக அமைந்தது.

புத்தாண்டுக்குப் பின் வெற்றிகள் குறைந்து சமநிலைகள் கூடின. தோல்வி மட்டும் வரவில்லை. கிளஃபின் அணுகுமுறை எளிமையானது: பந்தைத் தரையில் வைத்து ஆடு, நடுவருடன் வாதிடாதே, கோல் வாங்காதே. 42 ஆட்டங்களில் 24 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்ததுதான் இவ்வெற்றியின் அடித்தளம். எவர்ட்டனும் மான்செசுட்டர் சிட்டியும் ஃபாரஸ்ட்டை விடக் கூடுதலான கோல்கள் அடித்தும் பின்தங்கியதை அட்டவணையில் காணலாம்.

1978 ஏப்ரல் 22 அன்று கவென்ட்ரி சிட்டியின் அரங்கில் 0–0 என்ற சமநிலையில், இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையில், பட்டம் உறுதியானது. அந்த ஆட்டத்தில் மிக் ஃபெர்குசன் மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்தைச் சில்டன் தடுத்தது இங்கிலாந்துக் காற்பந்தின் மறக்கவியலாத் தடுப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. பட்டம் ஒரு கோலால் அல்லாமல் ஒரு தடுப்பால் உறுதிப்பட்டது இந்த அணிக்குப் பொருத்தமே.

இறுதி அட்டவணையில் முதல் நான்கு இடங்கள் (ஆட்டம், வெற்றி, சமநிலை, தோல்வி, அடித்த–பெற்ற கோல்கள், புள்ளிகள் என்ற வரிசையில்):

1. நாட்டிங்காம் ஃபாரஸ்ட்: 42, 25, 14, 3, 69–24, 64
2. லிவர்பூல்: 42, 24, 9, 9, 65–34, 57
3. எவர்ட்டன்: 42, 22, 11, 9, 76–45, 55
4. மான்செசுட்டர் சிட்டி: 42, 20, 12, 10, 74–51, 52

அக்காலத்தில் ஒரு வெற்றிக்கு 2 புள்ளிகளே வழங்கப்பட்டன. 3 புள்ளி முறை 1981 இல்தான் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அம்முறையில் கணக்கிட்டால் ஃபாரஸ்ட் 89, லிவர்பூல் 81 புள்ளிகள் பெற்றிருக்கும். முதல் மூன்று இடங்களின் வரிசை மாறாது.

லீக் கோப்பை

லீக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அப்போதைய ஐரோப்பிய வாகையரான லிவர்பூலை ஃபாரஸ்ட் எதிர்கொண்டது. அதே போட்டியில் வேறு அணிக்கு ஏற்கெனவே ஆடியிருந்ததால் சில்டன், கெம்மில், நீதம் ஆகியோர் ஆட இயலவில்லை. சில்டனுக்குப் பதிலாக 18 வயதே நிரம்பிய கிறிசு வுட்சு கோல் காத்தார். 1978 மார்ச் 18 அன்று வெம்பிளியில் லிவர்பூல் தொடர்ந்து தாக்கியும் ஆட்டம் 0–0 என முடிந்தது. நான்கு நாட்களுக்குப் பின் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில் ராபர்ட்சன் பெனால்ட்டியில் அடித்த ஒரே கோலால் ஃபாரஸ்ட் வென்றது. ஜான் ஓ'ஹேரை ஃபில் தாம்சன் வீழ்த்தியது பெனால்ட்டி எல்லைக்கு வெளியே என்று லிவர்பூல் தரப்பு வாதிட்டது. எஃப். ஏ. கோப்பையில் கால் இறுதியில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் தோற்று ஃபாரஸ்ட் வெளியேறியது.

விருதுகள்

பர்ன்சு பெற்ற விருது மேலே குறிப்பிடப்பட்டது. தொழில்முறை வீரர்கள் தம்முள் வாக்களித்துத் தெரிவு செய்யும் சிறந்த வீரர் விருது சில்டனுக்கும், சிறந்த இளம் வீரர் விருது உட்காக்குக்கும் கிடைத்தன. எர்பர்ட் சாப்மனுக்குப் பின், இரு வேறு கழகங்களுடன் லீக் பட்டம் வென்ற முதல் மேலாளர் கிளஃப் ஆவார்.

பின்விளைவுகள்

1977 நவம்பர் 26 அன்று தொடங்கிய தோல்வியற்ற லீக் ஓட்டம் அடுத்த பருவத்திலும் தொடர்ந்து 42 ஆட்டங்களை, அதாவது ஒரு முழுப் பருவத்தின் அளவை, எட்டியது. 1978 திசம்பர் 9 அன்று லிவர்பூல் 2–0 என வென்று அதை முடித்தது. இச்சாதனையை 2004 ஆகஸ்டில் ஆர்சனல் முறியடித்து 49 ஆட்டங்கள் வரை கொண்டு சென்றது.

லீக் பட்டத்தால் ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. முதல் சுற்றிலேயே இருமுறை தொடர்ந்து அக்கோப்பையை வென்றிருந்த லிவர்பூலுடன் மோத நேர்ந்தும், ஃபாரஸ்ட் 2–0, 0–0 என வென்று முன்னேறியது. 1979 இல் சுவீடனின் மால்மோ அணியையும் 1980 இல் மேற்கு செருமனியின் ஆம்பர்க் அணியையும் இறுதியில் தலா 1–0 என வென்றது. தன் நாட்டின் லீக் பட்டத்தை ஒருமுறையும் ஐரோப்பியக் கோப்பையை இருமுறையும் வென்ற கழகம் இது ஒன்றே.

கிளஃப், டெய்லர் நட்பு நீடிக்கவில்லை. டெய்லர் 1982 இல் ஃபாரஸ்ட்டை விட்டு விலகி டார்பியின் மேலாளரானார். 1983 இல் ராபர்ட்சனை அவர் டார்பிக்கு வாங்கிச் சென்றதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1990 இல் டெய்லர் இறக்கும்வரை அப்பகை தீரவில்லை. அதற்காகக் கிளஃப் பின்னர் வருந்தினார். 1993 இல் ஃபாரஸ்ட் தரமிறக்கப்பட்ட பருவத்துடன் ஓய்வு பெற்ற கிளஃப் 2004 செப்டம்பர் 20 அன்று காலமானார். 1999 இல் மீண்டும் தரமிறக்கப்பட்ட கழகம் 23 ஆண்டுகளுக்குப் பின் 2022 இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது.