இங்கிலாந்தில் துணை மருத்துவக் கல்வி

துணை மருத்துவக் கல்வி என்பது மருத்துவரோ செவிலியரோ அல்லாத, ஆயினும் நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை அளிக்கின்ற அல்லது நோயறிய உதவுகின்ற பணியாளர்களை உருவாக்கும் உயர்கல்வி ஆகும். இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை இத்தகைய 14 தொழில்களை வகைப்படுத்தியுள்ளது. இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, கதிர்ப்படவியல், பேச்சுச் சிகிச்சை, உணவூட்டவியல், பாத மருத்துவம் முதலியன இவற்றுள் அடங்கும். பெரும்பாலானவை மூன்றாண்டுப் பட்டப்படிப்புகள்.

கட்டணமும் உதவித்தொகையும்

முன்னர் இப்படிப்புகளுக்கான கட்டணத்தை அரசே செலுத்தியது. வாழ்க்கைச் செலவுக்கும் திருப்பிச் செலுத்தத் தேவையற்ற உதவித்தொகை கிடைத்தது. 2015 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஒஸ்போர்ன் அறிவித்தபடி, 2017 ஆகஸ்டு முதல் புதிதாகச் சேர்ந்த இளநிலை மாணவர்களுக்கு இம்முறை நிறுத்தப்பட்டது. அவர்கள் பிற மாணவர்களைப் போன்று கல்விக்கடன் பெறலாயினர். 2025-26 கல்வியாண்டில் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு. எனவே மூன்றாண்டுக் கட்டணம் மட்டுமே 28,000 பவுண்டைத் தாண்டும்.

2020 செப்டம்பரில் உதவித்தொகை ஓரளவு மீண்டது: ஆண்டுக்கு 5,000 பவுண்டு. மாணவர் குறைவாகச் சேரும் பாத மருத்துவம், செயற்கை உறுப்புப் பொருத்துதல் போன்ற துறைகளுக்கு மேலும் 1,000 பவுண்டு உண்டு. கட்டணம் மாணவர் பொறுப்பிலேயே இருந்தது. வேல்சில் பழைய உதவித்தொகை தொடர்ந்தது. ஆனால் படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் அங்கேயே பணிபுரிய இசைய வேண்டும்.

கட்டணப் பட்டியலில் தென்படாத செலவும் ஒன்று உண்டு. இயன்முறை மருத்துவ மாணவர் ஏறத்தாழ 1,000 மணிநேரம் மருத்துவமனைகளிலும் பிற இடங்களிலும் ஊதியமின்றிப் பயிற்சி பெறவேண்டும். இக்காலத்தில் பகுதிநேர வேலை பார்ப்பது கடினம்.

கடனைத் திருப்பிச் செலுத்துதல்

2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தோர், 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஆண்டு வருமானத்தில் 9 விழுக்காட்டைச் செலுத்துவர்; 40 ஆண்டுகளின்பின் எஞ்சிய கடன் தள்ளுபடியாகும். தேசிய நலச் சேவையில் புதிய பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் 2025-26 இல் 31,049 பவுண்டு. அவர் மாதம் ஏறத்தாழ 45 பவுண்டு செலுத்துவார். கடன் எவ்வளவு பெரிதாயினும் இத்தொகை மாறாது. ஆகவே இது கடன் என்பதைவிட நெடுங்கால வரியையே ஒத்தது எனலாம்.

வேலைவாய்ப்பு

இப்பட்டங்கள் குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கே இட்டுச் செல்வன. பதிவு பெறாதவர் 'இயன்முறை மருத்துவர்' போன்ற பெயர்களைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். தொழில் உறுதியாயினும் பணியிடம் உறுதியன்று. 2025 இல் இயன்முறை மருத்துவப் பட்டதாரிகள் பலர் முதல் வேலை கிடைக்காது தவிப்பதாக அத்தொழிற் சங்கம் கவலை தெரிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அறிவித்த வேலை உறுதித் திட்டம் செவிலியருக்கும் மகப்பேற்றுச் செவிலியருக்கும் உரியதாகவே அமைந்தது.