கல்லுக்குக் காவல், கோலுக்கு உரிமம்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் ஒரு வயலின் அத்து, அதாவது எல்லை, எங்கே முடிகிறது என்று சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு என்பதை இன்றுள்ள வடிவில் வகுத்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டங்களே. அச்சட்டங்கள் அளப்பவரின் தகுதியைக் காட்டிலும் நட்ட கல்லின் நிலைபேற்றையே பெரிதாகக் கருதின.

நிலத்தை அளப்பது அரசின் செயல் என்னும் எண்ணம் அதற்கும் மிக மூத்தது. முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டையொட்டியும், முதலாம் குலோத்துங்கன் 1086இலும் சோழநாட்டை அளப்பித்தனர்; அளவுகோலே அரசின் பெயரால் வழங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1794இல் சென்னையில் எட்டு மாணவருடன் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1858இல் வருவாய் நில அளவைப் பணி தொடங்கியபின், 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் புலங்கள் அளக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணும் படமும் பெற்றது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்ற இக்கணக்கே இன்றைய சென்ட் அளவுக்கும் அடிப்படை.

எல்லைக் கற்களை நடவும் பேணவும் சென்னை மாகாணத்துக்கென ஒரு சட்டம் 1860இல் வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு, அரசு அலுவலரின் அதிகாரத்தால் நாட்டப்பட்ட எல்லைக் குறியை அழிப்பவருக்கோ நகர்த்துபவருக்கோ ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. தனியார் ஒருவரை அழைத்து அளந்து நட்டுக்கொண்ட கல்லுக்கு இப்பாதுகாப்பு இல்லை; அதைப் பிடுங்கியவர்மீது பிறர் சொத்துக்குத் தீங்கு விளைவித்ததாகப் பொதுப்பிரிவில்தான் வழக்குத் தொடர முடிந்தது. இந்த வேறுபாட்டை அறியாமல் கைப்பணம் கொடுத்து அளந்துகொண்ட சிறு உழவர், வழக்கு வந்தபோது வெறுங்கையோடு நிற்க நேர்ந்தது பெருங்கொடுமை.

1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அரசின் அளவைக்கு மேலும் வலுவூட்டியது. அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியானபின், உரிமையியல் நீதிமன்றம் திருத்தினாலொழிய அப்பதிவே எல்லைக்கு முடிந்த முடிபான சான்று. அதை எதிர்க்க விரும்புவோர் அறிவிக்கை நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். கற்களைப் பேணும் கடமையும் பட்டாதாரரையே, அதாவது வருவாய்ப் பதிவேட்டில் நிலத்துக்குரியவராக உள்ளவரையே, சேர்ந்தது. ஆகவே அங்கீகாரமற்ற ஒருவர் நாடாவைப் பிடித்து அளந்ததனால் மட்டும் பெரும் தண்டனைக்கு ஆளாகவில்லை. அவர் அளவுக்கு மதிப்பின்றிப் போனதே தண்டனைபோல் அமைந்தது, அதுவும் அவர்மீதன்றி அவரை நம்பியவர்மீது விழுந்தது. தம்மை அரசு நில அளவர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் மட்டுமே ஆள்மாறாட்டம் பற்றிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 170ஆம் பிரிவு (இரண்டாண்டு வரை சிறை) அவரைத் தொட்டது. பணம் பறித்திருந்தால் ஏமாற்றுக் குற்றமும் சேர்ந்தது.

கடலுக்கு அப்பால் தமிழர் வாழும் இலங்கையில் வழி வேறாயிற்று. 1800இல் நில அளவைத் திணைக்களம் தோன்றிய அத்தீவில், தனியார் நில அளவையாளருக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் 1889இலேயே வந்தது. யாழ்ப்பாணத்துக் காணிப் பிரிவினை வழக்குகளில் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடமே நீதிமன்றம் ஏறும். 2002ஆம் ஆண்டின் அளவைச் சட்டம் இத்தொழிலை நில அளவைப் பேரவையின் பொறுப்பில் வைத்தது. அங்கே தகுதியற்றவர் தொழில் செய்வதே குற்றம். இங்கே அரசின் கல்லைத் தொடுவது குற்றம். அளப்பவரையே பொறுப்பேற்கச் செய்யும் இலங்கை முறை எளியவருக்கு நியாயமானது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மீண்டும் தென்காசிப் பக்கம் வந்தால், குத்துக்கல்வலசைக்கு அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால், சில மைல் தொலைவுக்குள் இருவேறு அரசுகளின் அளவைப் பதிவுகள் நிலவின. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, எல்லைக்கல்லுக்கான ஓராண்டுத் தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டு, அரசு அலுவலராக நடிப்பவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் என உயர்த்தியுள்ளது.