நிரலாளர் கணினி அமைவு

மென்பொருள் எழுதுபவர் தம் வேலைக்கேற்ற கருவிகளைத் தேர்ந்து, கைப்பழக்கத்துக்கு இசைய அவற்றை மாற்றிக்கொள்ளும் முறை. உரைத்திருத்தி, கட்டளை முனையம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள்.

கருவிகள்: பில் ஜாய் 1976இல் உருவாக்கிய விஐ, அதே ஆண்டில் எம்ஐடியில் பிறந்த ஈமாக்ஸ் ஆகியவை பழமையான உரைத்திருத்திகள். விம் (1991), விஎஸ் கோட் (2015) ஆகிய திருத்திகளும், நிரல் மாற்றங்களைப் பதியும் கிட்டும் (2005) பின்னர் வந்தவை.

தனிப்பயனாக்கம்: யூனிக்ஸ் வழிக் கருவிகள் பல, பயனரின் விருப்பங்களைப் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள உரைக்கோப்புகளில் வைக்கின்றன. இவற்றைக் கிட்டில் சேமித்தால் புதிய கணினியிலும் பழைய அமைவை எளிதில் மீட்கலாம்.

தமிழ்ப் பயன்பாடு: தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸில் ஐபஸ், எம்17என் ஆகிய உள்ளீட்டுக் கருவிகள் வழியே சேர்க்கலாம். தமிழ் எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால், முனையத்தில் நெடுவரிசைகள் பெரும்பாலும் நேராக அமைவதில்லை.

மைசூரு: இன்போசிஸ் பயிற்சி வளாகமும், 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இந்நகரில் உள்ளன. இவ்விரு வகைப் பணியிடங்களிலும் கணினி அமைவின் தேவை வேறுபடும். பொதுவாகப் பெருநிறுவனக் கணினிகளில் மென்பொருள் நிறுவும் உரிமை கட்டுப்படுத்தப்படுவதால், அனுமதிக்கப்பட்ட கருவியின் அமைப்புகளை மாற்றுவதே பணியாளருக்குள்ள வழி. மொழித்தரவுப் பணிக்கோ யூனிகோடைப் பிழையின்றிக் கையாளும் திருத்தியும் எழுத்துருவும் முதல் தேவை.