உறவு வன்முறையின் எச்சரிக்கை அறிகுறிகள்

உறவு வன்முறையின் எச்சரிக்கை அறிகுறிகள் என்பன, திருமணத்திலோ காதலிலோ இணைந்து வாழ்தலிலோ ஒருவர் தம் துணையை அச்சத்தின் மூலம் தமது கட்டுப்பாட்டில் வைத்திருக்க முயல்வதைக் காட்டும் நடத்தைகள் ஆகும். அடி, உதை போன்ற உடல்வழித் தாக்குதல் தொடங்குவதற்கு முன்னரே இவற்றுள் பல வெளிப்படுகின்றன. இவ்வறிகுறிகளை முன்கூட்டியே அறிவது பாதிக்கப்பட்டவருக்கும், அவருடைய பெற்றோர், நண்பர், அண்டை வீட்டார் ஆகியோருக்கும் உதவக்கூடியது. இக்கட்டுரை இவ்வறிகுறிகளைப் பொதுவாகவும், தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ச் சூழலை முன்வைத்தும் விளக்குகிறது.

வரையறை

இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, வன்முறையை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. அவை உடல்வழி வன்முறை, பாலியல் வன்முறை, சொல் மற்றும் உணர்வுவழி வன்முறை, பொருளாதார வன்முறை என்பனவாகும். எனவே, கை நீட்டி அடித்தால் மட்டுமே வன்முறை என்னும் பரவலான கருத்து சட்டப்படி சரியானதன்று. இழிவுபடுத்துதல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், வேலைக்குச் செல்வதைத் தடுத்தல், நகைகளைப் பறித்தல் ஆகியனவும் வன்முறையே ஆகும்.

தனித்தனி நிகழ்வுகளைவிட அவற்றின் தொடர்ச்சியே முக்கியமானது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் எவான் ஸ்டார்க் 2007 இல் வெளியிட்ட நூலில் இத்தொடர்ச்சியை வற்புறுத்தல் வழிக் கட்டுப்பாடு என விளக்கினார். ஒருவரின் நேரம், பணம், உடை, நட்பு, நடமாட்டம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பறிப்பது இதன் இயல்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் இது தனிக் குற்றமாக்கப்பட்டது.

ஊடலும் வன்முறையும்

இணைந்து வாழும் இருவரிடையே பிணக்கு ஏற்படுவது இயல்பு. தமிழ் இலக்கியம் இதனை ஊடல் எனக் கூறுகிறது. திருக்குறளின் இறுதி அதிகாரமே ஊடலுவகை ஆகும். ஊடலில் இருவரும் கோபிக்கலாம், இருவரும் விட்டுக்கொடுக்கலாம். எவருக்கும் மற்றவரைக் கண்டு அச்சம் இல்லை. வன்முறை உறவிலோ எப்போதும் ஒருவரே பணிகிறார். மற்றவர் என்ன செய்வாரோ என்னும் அச்சத்தால் தம் சொல்லையும் செயலையும் அவர் மாற்றிக்கொள்கிறார். எனவே, பிணக்கு உள்ளதா என்பதைவிட அச்சம் உள்ளதா என்பதே இரண்டையும் வேறுபடுத்தும் கேள்வியாகும்.

பொதுவான அறிகுறிகள்

1. மிகை விரைவு: அறிமுகமான சில வாரங்களிலேயே திருமணத்தை வற்புறுத்துதல், இடைவிடாத அழைப்புகள், மறுப்பை ஏற்காமை. தொடக்கத்தில் இது ஆழ்ந்த அன்பாகவே தோன்றும்.

2. பொறாமையை அன்பாகக் காட்டுதல்: உடன் பணிபுரிவோர், உடன் பயில்வோர், உறவினர் என யாருடன் பேசினாலும் ஐயுறுதல். இளைஞரிடையே இது பொசசிவ் என்னும் சொல்லால் பெருமையாகவும் குறிப்பிடப்படுகிறது. மறுக்கும் பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் திரைப்படங்களும் இம்மயக்கத்துக்குத் துணைபுரிகின்றன.

3. தனிமைப்படுத்தல்: தாய்வீட்டுக்குச் செல்வதைத் தடுத்தல், தோழியரைப் பற்றிக் குறைகூறுதல், உறவினர் வந்தால் முகம் சுளித்தல். நாளடைவில் பாதிக்கப்பட்டவருக்குப் பேச ஆளில்லாமல் போகிறது.

4. கண்காணிப்பு: கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுதல், செய்திகளைப் படித்தல், இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுதல், பணியிட வாயிலில் காத்திருத்தல், வீடு திரும்பச் சில நிமிடங்கள் தாமதமானாலும் விசாரணை செய்தல்.

5. பணக் கட்டுப்பாடு: சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல், பேருந்துக் கட்டணத்துக்குக்கூடக் கணக்குக் கேட்டல், துணையின் பெயரில் கடன் வாங்குதல், நகைகளைக் கேளாமல் அடகு வைத்தல்.

6. இழிவுபடுத்துதல்: நிறம், உடல், சாதி, பெற்றோரின் வறுமை, குழந்தையின்மை, வரதட்சணை ஆகியவற்றைச் சொல்லிக் காட்டுதல். பிறர் முன்னிலையில் கேலி செய்துவிட்டு விளையாட்டுக்குச் சொன்னதாகக் கூறுதல்.

7. பழியை மாற்றுதல்: தாம் அடித்ததற்குத் துணையின் பேச்சோ சமையலோ உடையோ காரணம் எனக் கூறுதல். குடியையும் வேலைச் சுமையையும் காரணம் காட்டுவதும் இதில் அடங்கும். குடித்தவர் தம் மேலாளரை அடிக்காமல் வீட்டுக்கு வந்து மனைவியை மட்டும் அடிப்பாராயின், குடி மட்டுமே காரணம் என்பது பொருந்தாது.

8. பொருள்களை உடைத்தல்: தட்டை வீசுதல், கைப்பேசியை உடைத்தல், சுவரில் குத்துதல், வளர்ப்பு விலங்குகளைத் துன்புறுத்துதல். அடுத்து நேரக்கூடியது என்ன என்பதை உணர்த்தும் மிரட்டல்களாக இவை அமைகின்றன.

9. தற்கொலை மிரட்டல்: விலகினால் உயிரை மாய்த்துக்கொள்வதாகக் கூறித் துணையைக் கட்டிப்போடுதல்.

10. பாலியல் வற்புறுத்தல்: விருப்பமின்மையைப் பொருட்படுத்தாமை, அந்தரங்கப் படங்களை வெளியிடுவதாக மிரட்டுதல்.

இவற்றுள் ஒன்று ஒருமுறை நிகழ்ந்ததைக் கொண்டு ஓர் உறவை வன்முறை உறவு என முடிவு செய்ய இயலாது. பல அறிகுறிகள் சேர்ந்து வருதல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், நாளுக்கு நாள் மிகுதல் ஆகியவையே கவனிக்க வேண்டியவை.

வன்முறைச் சுழற்சி

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979 இல், வன்முறை ஒரு சுழற்சியாக நிகழ்கிறது என எழுதினார். முதலில் இறுக்கம் வளர்கிறது. பின்னர் தாக்குதல் நிகழ்கிறது. அதன் பின்னர் மன்னிப்பு, கண்ணீர், பரிசு, கோயிலில் சத்தியம் என ஓர் அமைதிக் காலம் வருகிறது. அமைதிக் காலமே பாதிக்கப்பட்டவரின் நம்பிக்கையைப் புதுப்பிக்கிறது. எல்லா வன்முறை உறவுகளும் இவ்வொழுங்கில் அமைவதில்லை என்னும் விமரிசனமும் உண்டு. சில உறவுகளில் அமைதிக் காலம் என ஒன்று இருப்பதே இல்லை.

1984 இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள துலூத் நகரில், பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவங்களைக் கொண்டு அதிகாரமும் கட்டுப்பாடும் என்னும் சக்கர வரைபடம் உருவாக்கப்பட்டது. ஆலோசனை மையங்கள் பலவற்றில் இது இன்றும் பயன்படுகிறது.

உயிராபத்தைக் காட்டும் அறிகுறிகள்

சில அறிகுறிகள் உயிருக்கு நேரடி ஆபத்து இருப்பதைக் காட்டுகின்றன. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு வினாக்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

- கழுத்தை நெரித்தல். வெளிக்காயம் தெரியாவிடினும் இதற்கு உடனடி மருத்துவப் பரிசோதனை தேவை.
- கொன்றுவிடுவதாக மிரட்டுதல், கத்தி முதலியவற்றைக் காட்டுதல், மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலை ஊற்றுவதாக அச்சுறுத்துதல்.
- கருவுற்றிருக்கும்போது தாக்குதல்.
- தாக்குதலின் கடுமையும் எண்ணிக்கையும் அண்மையில் மிகுந்திருத்தல்.
- விலகிய பின்னர் பின்தொடர்தல்.

விலகும் காலமும் விலகிய பின்னர் வரும் மாதங்களும் ஆபத்து மிகுந்தவை. கட்டுப்பாடு கைநழுவுவதாக வன்முறையாளர் உணர்வதே இதற்குக் காரணம். எனவே, விலகும் எண்ணத்தை அவரிடம் தனிமையில் அறிவிக்காமல், பாதுகாப்பான இடத்தை முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளுமாறு ஆலோசகர்கள் அறிவுறுத்துகின்றனர்.

தென்சென்னைப் புறநகர்ச் சூழல்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் ஆகிய பகுதிகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியோர் மிகுதி. தாம்பரம் சானடோரியத்தில் 1984 இல் அமைக்கப்பட்ட மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம், பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள், மறைமலைநகரின் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

இச்சூழலில் இரு கூறுகள் முக்கியமானவை. முதலாவது, பெற்றோரும் உறவினரும் நெடுந்தொலைவில் இருப்பது. வாடகை வீட்டில் தனித்து வாழும் இளந்தம்பதியரிடையே வன்முறை நிகழ்ந்தால், இரவில் கதவைத் தட்டிச் செல்ல ஓர் உறவினர் வீடு இருப்பதில்லை. இரண்டாவது, பெண்ணுக்கு வருமானம் இருந்தும் அது அவர் கையில் இல்லாதிருப்பது. வேலைக்குச் செல்லும் பெண் வன்முறைக்கு ஆளாகமாட்டார் என்னும் கருத்து இதனால் பொருந்துவதில்லை.

இரு கொலைகள்

2021 செப்டம்பர் 23 அன்று தாம்பரம் தொடருந்து நிலையத்துக்கு அருகே, கல்லூரி மாணவி ஒருவர் முன்னர் அவருடன் பழகிய இளைஞரால் பட்டப்பகலில் குத்திக் கொல்லப்பட்டார். மாணவி அவரிடமிருந்து விலக முற்பட்ட நிலையில் இக்கொலை நிகழ்ந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை தொடருந்து நிலையத்தில், மற்றொரு கல்லூரி மாணவி ஓடும் தொடருந்தின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவர் அவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவர். இவ்வழக்கில் 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் கொல்லப்பட்டோர் திருமணமாகாத மாணவியர். இவ்வகை வன்முறை மணவாழ்வில் மட்டும் நிகழ்வதன்று என்பதையும், மறுப்புக்குப் பின்னரான பின்தொடர்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் இவை காட்டுகின்றன.

பரவல்

2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, மணமான பெண்களுள் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். இந்திய அளவில் இது சுமார் 29 விழுக்காடு. இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியவர்கள் சுமார் 14 விழுக்காட்டினர் மட்டுமே.

விலகத் தடைகள்

பாதிக்கப்பட்டவர் ஏன் விலகவில்லை என்னும் கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. பிள்ளைகளின் எதிர்காலம், பண வசதியின்மை, உயிரச்சம் ஆகியவற்றுடன் சமூகப் பழியும் ஒரு காரணம். தாய்வீடு திரும்பிய பெண்ணை வாழாவெட்டி எனக் கூறும் வழக்கமும், அனுசரித்துப் போ என்னும் அறிவுரையும் பெண்ணை மீண்டும் அதே வீட்டுக்கு அனுப்புகின்றன. காதல் மணம் புரிந்தோருக்குத் திரும்பிச் செல்லும் வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஒருவர் பலமுறை விலகித் திரும்பிய பின்னரே முற்றாக விலகுவதும் உண்டு.

சட்டப் பாதுகாப்பு

குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. மனைவி மட்டுமன்றி, தாய், சகோதரி, திருமணத்தை ஒத்த உறவில் இணைந்து வாழும் பெண் ஆகியோரும் இதன்கீழ் முறையிடலாம். கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010 இல் உச்ச நீதிமன்றம் திருமணத்தை ஒத்த உறவு எது என்பதற்கான கூறுகளை வகுத்தது. சேர்ந்து வாழாத காதலர் இதில் அடங்கார்.

இச்சட்டத்தின் சில கூறுகள்:

- பாதுகாப்பு ஆணை, குடியிருப்பு ஆணை, பண உதவி, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை நீதித்துறை நடுவர் வழங்கலாம்.
- வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கு வாழும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடும் இதில் அடங்கலாம் என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது.
- பெண் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்திலும் மனு அளிக்கலாம். எடுத்துக்காட்டாக, தாம்பரத்திலிருந்து திருநெல்வேலியிலுள்ள தாய்வீட்டுக்குச் சென்றவர் அங்கேயே முறையிடலாம்.
- பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கணவனும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கு 1983 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்கிதாவின் 85, 86 ஆம் பிரிவுகள் பொருந்துகின்றன. பெண்ணைப் பின்தொடர்தல் அதே சட்டத்தின் 78 ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். ஆண்களும் வன்முறைக்கு ஆளாவதுண்டு. அவர்கள் காயம் விளைவித்தல், குற்றமுறு மிரட்டல் ஆகிய பொதுப் பிரிவுகளின்கீழ் புகார் அளிக்கலாம்.

உதவி அமைப்புகள்

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992 இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. தாம்பரத்திலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் உள்ளது. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தனியாகச் செயல்படத் தொடங்கியது. 2018 முதல் மாநிலத்தில் 181 என்னும் மகளிர் உதவி எண் இயங்குகிறது. அவசர நிலையில் 112 என்னும் எண்ணை அழைக்கலாம்.

மருத்துவம், தற்காலிகத் தங்கல், சட்ட ஆலோசனை ஆகியவற்றை ஓரிடத்தில் வழங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதி 2023 இல் தாம்பரத்தில் திறக்கப்பட்டது. குற்றத் தடுப்பு மற்றும் பாதிக்கப்பட்டோர் நலனுக்கான பன்னாட்டு அறக்கட்டளை, சென்னையில் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கும் தீக்காயமுற்றோருக்கும் உதவி செய்து வருகிறது.

அருகிலிருப்போரின் பங்கு

வன்முறை நிகழ்கிறது என நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது சட்டப் பொறுப்பு ஏதும் சாராது. எனவே, அது அவர்கள் குடும்ப விவகாரம் என ஒதுங்க வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவரைத் தனியே சந்தித்துக் கேட்டல், அவர் சொல்வதை நம்புதல், பழி கூறாதிருத்தல், முடிவை அவரிடமே விடுதல் ஆகியன பயனுள்ளவை. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள், பிள்ளைகளின் ஆவணங்கள், சிறிது பணம், மாற்றுடை ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் முன்னரே கொடுத்து வைப்பது விலகும் நாளில் உதவும். அவர் உடனே விலகாவிட்டாலும் தொடர்பைத் துண்டிக்காதிருத்தல் முக்கியமானது. தனிமைப்படுத்தலே வன்முறையாளரின் முதன்மைக் கருவியாதலால், தொடரும் ஒரு நட்பே பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.